ஜெசிந்தா எழுதிய பாடத்துக்கு என் குரல்

ஜெசிந்தாவை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழப்போகிறோம் என்று யாரும் காத்துக்கொண்டிருக்க வேண்டாம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இன்றைக்கும் அவள் என் பக்கத்து மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். இன்றைக்கும் வேலைக்கு வேண்டியதற்கு மேல் நாங்கள் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

திண்டிவனத்தில் செஞ்சி ரோட்டில் ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களுக்குச் செல்போனில் பாடம் செய்து கொடுக்கிறோம். தீப்பிடித்தால் என்ன செய்வது, மிஷின் பக்கத்தில் எப்படி நிற்பது, கை கழுவாமல் ஏன் சரக்கைத் தொடக்கூடாது, இந்த மாதிரி. படம் அது பாட்டுக்கு ஓடுகிற பாடம் இல்லை. படிக்கிறவர் திரையைத் தொட வேண்டும், இழுக்க வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். தப்பாகத் தொட்டால் பாடம் வேறு வழியில் போய் மறுபடி விளக்கும். எந்த மாதிரி ஆளுக்கு எந்த வழி என்று யோசித்து வடிவமைப்பது ஜெசிந்தா. அவள் எழுதியதற்குக் குரல் கொடுப்பது நான். வேலை கொடுக்கிற கம்பெனிக்காரர் எதைச் சொன்னாலும் தலையாட்டுவது எங்கள் முதலாளி தேவநாதன் சார்.

எனக்கும் அவளுக்கும் ஒரே ஊர், பிரம்மதேசத்துக்குப் பக்கத்தில். எங்கள் வீடு ஊர்த்தெருவில், அவள் வீடு காலனியில். அவள் அம்மா செண்பகம் எங்கள் கொல்லை நிலத்துக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்க வருவாள். அந்த அம்மாளை நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். எங்கள் தெருவில் எல்லாருமே அப்படித்தான், நான் மட்டும் புதிதாகக் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. ஆபீசில் வந்து சேர்ந்த முதல் நாளே ஜெசிந்தா என் மேசைக்கு வந்து நின்றாள்.

"கலைமதி, எங்கம்மாவுக்கு அறுவது ஆவப்போவுது. இனிமே தெருவுல பாத்தா செண்பகம்மான்னு கூப்டு."

அவள் என்னைவிட இரண்டு வயது சின்னவள். ஒரு அக்கா கூட வாயில் வரவில்லை. "பாக்கலாம்" என்றேன். "பாரு" என்றாள். அன்றைக்குப் பிடித்த சனி இது.

அவள் கதையைச் சொல்வதாக இருந்தால் அவள் படித்த கதையைச் சொல்ல வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. கடைசி வரிசையில் உட்கார்ந்து, மற்றப் பிள்ளைகள் படிப்பதைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்துகொள்வாள். வாத்தியார் எழுப்பினால் புத்தகத்தில் விரலை ஓட்டிக்கொண்டே ஒப்பிப்பாள். ஒரு நாள் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பாடத்தை வரி தப்பாமல் சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்தது. பக்கத்து வகுப்பில் இருந்த எனக்கும் கேட்டது, நானும் சிரித்தேன். பிறகு திண்டிவனத்தில் ஹாஸ்டலில் போட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் நின்று, கண்டக்டர்கள் "செஞ்சி செஞ்சி, மரக்காணம் மரக்காணம்" என்று கூவுவதைக் கேட்டுக்கொண்டே போர்டைப் பார்ப்பாளாம். கூவுகிற பேரும் போர்டில் இருக்கிற எழுத்தும் ஒன்று என்று அப்படித்தான் பிடிபட்டதாம். அதற்கப்புறம் பெண்ணைப் பிடிக்க முடியவில்லை. விழுப்புரத்தில் கல்லூரி, சென்னையில் பெரிய கம்பெனியில் இதே வேலை. அம்மாவுக்குக் கண் புரை என்று திரும்பி வந்தாள். சென்னைக்காரர்களோடும் சண்டை போட்டுவிட்டுத்தான் வந்திருப்பாள் என்பது என் எண்ணம். கேட்டதில்லை.

போன வருஷம் ஒரு மல்லாட்டைப் பருப்புக் கம்பெனி எங்களிடம் வந்தது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் ஹைவே ஓரம் அவர்கள் ஃபேக்டரி. பருப்பைப் பிரித்து, வறுத்து, பாக்கெட் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை. என் அம்மா கிருஷ்ணவேணிக்கும் அங்கேதான்.

அப்பா டிராக்டரிலிருந்து விழுந்து இடுப்பு போனபிறகு கொல்லையைக் குத்தகைக்கு விட்டாயிற்று. அம்மா ஃபேக்டரிக்குப் போகிறேன் என்றபோது ஊர்த்தெருவில் பேசாத வாய் இல்லை. முதல் மாதம் முக்காடு போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். பிறகு பார்த்தால், காலையில் எனக்கு முன்னால் தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறாள். அங்கே அவளுக்குச் சிநேகிதம் சேர்ந்திருந்தது. வீட்டுக்கு வந்தும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பாள். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது பாதி அவளால்தான். அது மட்டும் இல்லை, அந்த வேலை போனால் அவள் மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள் என்பது எனக்குத் தெரியும்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கையெழுத்துப் போடுவாள், அதையும் கோலம் போடுவது போல வரைவாள். இது அப்பாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். கல்யாணப் பத்திரிகை வந்தால் கையில் வாங்கி, புருவத்தைச் சுருக்கி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "நல்ல முகூர்த்தந்தான்" என்பாள். ஆள் போனபிறகு நான் படித்துச் சொல்வேன். செல்போனிலும் எதையாவது தொட்டுக் கெடுத்து வைப்பாள். எனக்கு மூக்கின்மேல் கோபம் வரும். "எத்தினி வாட்டி சொல்றது உனக்கு, மரமண்டை" என்று பிடுங்கிக்கொள்வேன். நாளெல்லாம் ஜெசிந்தாவோடு மல்லுக்கு நிற்கிறவளுக்கு வீட்டில் பொறுமை எங்கிருந்து வரும்?

கம்பெனியின் பெர்சனல் ஆபீசர் சக்கரபாணி கேட்டது இரண்டு பாடம். படித்தவர்களுக்கு ஒன்று, படிக்காதவர்களுக்கு ஒன்று. தையில் சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் ஃபேக்டரியைச் சோதிக்க வருகிறார்கள், அதனால் பொங்கலுக்குள் எல்லாரும் பாடம் முடித்துத் தேற வேண்டும், தேறாதவர்கள் உள்ளே நுழையக் காட்டுகிற கேட் அட்டை தை முதல் வேலை செய்யாது என்றார். கேட் அட்டை வேலை செய்யவில்லை என்றால் வேலை இல்லை என்று அர்த்தம். படித்தவர்களுக்கான பாடத்தில் தேறினால் லைன் லீடர் வேலைக்கு மனுப் போடலாம் என்றும் சொன்னார். ஜெசிந்தா இரண்டு பாடம் செய்தாள். அதற்கென்று கழுத்தில் மாட்டத் தனி அட்டை: எழுத்துப் பாடம் நீல அட்டைக்காரர்களுக்கு. படமும் பேச்சுமாக இருப்பது மஞ்சள் அட்டைக்காரர்களுக்கு. யார் எந்த அட்டை என்று ஃபேக்டரியில் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள்.

ஒத்திகைக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். கேண்டீன் ஹாலில் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் மஞ்சள். உள்ளே நுழைந்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. நீல அட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது முழுக்க முழுக்க ஊர்த்தெருக்காரர்கள், எங்கள் ஊர், சுற்றுப்பட்ட ஊர் எல்லாம். மஞ்சள் அட்டை பூராவும் காலனி. நீலப் பக்கத்து நடுவில் என் அம்மா, கழுத்தில் அட்டை, மாப்பிள்ளை வீட்டுக்காரி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

ஜெசிந்தா சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். "எப்படிப் பிரிச்சீங்க?"

"டீ டயத்துல குடுத்தேங்க" என்றார் அவர். "வேப்பமரத்தாண்ட உக்கார்றவங்களுக்கு நீலம். சைக்கிள் ஷெட்டாண்ட உக்கார்றவங்களுக்கு மஞ்சள்."

டீ குடிக்கும்போது ஊர்க்காரர்கள் வேப்பமரத்தடியில் உட்காருவார்கள், காலனிக்காரர்கள் ஷெட் பக்கம். யாரும் போர்டு எழுதி வைக்கவில்லை, அது அப்படித்தான். மனிதர் ஒருத்தரையும் படித்துக் காட்டச் சொல்லவில்லை. அவர் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்றும் சொல்லமாட்டேன். மரத்தடியில் உட்கார்கிறவர்களுக்குப் படிக்கத் தெரியாமல் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மஞ்சள் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுந்தாள். கலைப்பிரியா, காலனிப் பெண், பிளஸ் டூவில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தவள். போனில் ஒரு மல்லாட்டை பொம்மை கண்ணை உருட்டிக்கொண்டு கை கழுவச் சொல்லிக்கொண்டிருந்தது. "அக்கா, நான் இன்னா பால்வாடியா? அந்தப் பாடத்தைக் குடுங்க, நான் படிச்சிக்கிறேன்." சூப்பர்வைசர் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. ஜெசிந்தாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

நான் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போனைச் சற்றுத் தூரமாகப் பிடித்து, புருவத்தைச் சுருக்கி, உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஊர்த்தெருச் சிநேகிதி தையல்நாயகி போனில் அடுத்த பக்கம் திருப்பியதும் இவளும் திருப்பினாள். 'மிஷின் பெல்ட்டில் புடவை மாட்டினால் முதலில் என்ன செய்வீர்கள்?' என்று ஒரு கேள்வி. அம்மா மேலே இருந்த பதிலைத் தொட்டாள். அடுத்ததற்கும் மேலே இருப்பதைத்தான். மேலே இருந்தது 'புடவையைப் பிடித்து இழுப்பேன்'. தேறவில்லை என்று திரையில் வந்தது. அதையும் படித்தவள் போலத் தலையை ஆட்டிவிட்டுப் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜெசிந்தா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அது வரைக்கும் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

"கிருஷ்ணவேணிம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஏன் சொல்லல?"

"உங்கிட்ட யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? நானே அஞ்சாவது வரிக்கும் அப்படித்தான் விரலை ஓட்டிக்கினு இருந்தேன். பக்கத்துல இருக்கறவ திருப்புனப்புறம் திருப்புவேன். அந்த வேஷத்தை எங்க பாத்தாலும் எனக்குத் தெரியும்."

"எங்கம்மாவைப் பத்திப் பேசறதுக்கு நீ யாரு? உன் வேலையைப் பாரு."

"என் வேலையத்தான் பாக்குறேன். இப்படியே வுட்டா அவங்க தேற மாட்டாங்க. தைக்கு மேல கேட்டுல நிறுத்திடுவாங்க. அவங்க ஒருத்தர் இல்ல, மரத்தடி ஆளுங்கள்ல பாதிப் பேரு."

"அப்போ மஞ்சள் அட்டை குடுன்னு சொல்றியா?"

கூட்டேரிப்பட்டில் ஆள் இறங்கியதும் அவள் எழுந்து முன் சீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். மஞ்சள் அட்டை வாங்கிக்கொண்டால் சுலபமாகத் தேறிவிடலாம், படத்தைப் பார்த்தால் போதும் என்றேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அந்த அட்டையை மாட்டிக்கினு அவங்களோட போயி நான் உக்காரணுமா? இம்மாம் நாளு படிச்சவன்னு இருந்துட்டு, தையல்நாயகி என்னைப் பாத்து சிரிக்கணுமா? அதுக்கு வேலையே வாணாம். வூட்டுலயே கெடக்குறேன்."

சொன்னால் செய்கிறவள். எனக்கு இரண்டு பக்கமும் அடைத்துவிட்டது. மறுநாள் ஆபீசுக்குப் போனதும் ஜெசிந்தாவிடம் நேராகவே சொன்னேன்.

"எங்கம்மா மஞ்சள் அட்டை போட மாட்டாங்க. நீ பண்ண பாடத்தால அவங்க வேலை போச்சுன்னா உன்னைச் சும்மா வுட மாட்டேன்."

"காலனிக்காரங்களோட உக்கார மாட்டாங்க. அதான?"

"ஆமா. அதான்."

அப்படியே சொன்னேன். மறைக்கவில்லை. அவளும் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. "மாத்தறேன்" என்றாள். "உனக்காக இல்ல. கலைப்பிரியாவுக்கு பொம்மை காட்டிக்கினு இருக்கறது எனக்கு அசிங்கம். உங்கம்மாவைக் கேட்டுல நிறுத்தறதும் எனக்கு அசிங்கம்."

விழுப்புரத்தில் நான்குமுனை சந்திப்புக்குப் பக்கத்தில் சக்கரபாணியின் ஆபீஸ். தேவநாதன் சார் எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். ஜெசிந்தா அட்டையே வேண்டாம் என்றாள். எல்லாருக்கும் ஒரே பாடம், ஒரே முதல் பக்கம், ஆளைப் பார்த்துப் பாடமே உள்ளுக்குள் வழி பிரிந்துகொள்ளும் என்றாள். உதாரணத்துக்கு என் அம்மா பேரைச் சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயம்.

சக்கரபாணி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஏம்மா, எங்க ஆளுங்க எப்படின்னு எங்களுக்குத் தெரியாதா? யாருக்குப் படிப்பு வரும், யாருக்கு வராதுன்னு பாத்தாலே தெரியும். அட்டை குடுத்தாச்சு. கேட்டதைக் குடுத்துட்டுப் போங்க."

ஜெசிந்தா தன் பையிலிருந்து ஒரு போனை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். வடக்கிலிருந்து வந்து வேலை செய்கிற பையன்களுக்காக நாங்கள் செய்திருந்த இந்திப் பாடம் அதில் ஓடியது.

"சார், இது உங்க ஃபேக்டரி பாடந்தான். இதுல தேறிக் காட்டுங்க. நான் எந்திரிச்சிப் போயிடறேன்."

தேவநாதன் சார் அவள் முழங்கையைத் தட்டினார். அவள் கவனிக்கவில்லை. சக்கரபாணி சிரித்துக்கொண்டே போனை எடுத்தார். பிறகு சிரிப்பு நின்றது. போனைச் சற்றுத் தூரமாகப் பிடித்தார். புருவத்தைச் சுருக்கினார். உதடு அசைந்தது. தேவநாதன் சாரின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். கடைசியில் மேலே இருந்த பதிலைத் தொட்டார். திரையில் பெல்ட்டுக்குள் ஒரு கை போய்ச் சிவப்பானது.

"கை போயிடுச்சு சார்" என்றாள் ஜெசிந்தா.

"இது இந்தி."

"மரத்தடியில உக்கார்ற பாதிப் பேருக்குத் தமிழும் இப்படித்தான் சார் தெரியும். நீங்க படிச்சவருன்னு பாத்தாலே தெரியுது, ஆனா இதுல தேறல."

அவர் போனை மேசையில் போட்டார். "தேவநாதன், இந்தப் பொண்ணுக்கு மரியாதை சொல்லிக் குடுங்க. இல்ல, வேற கம்பெனி பாத்துக்கறேன்." தேவநாதன் சார் எழுந்து நின்றே மன்னிப்புக் கேட்டார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்துவிட்டாளே பாவி என்று நான் பல்லைக் கடித்தேன். இந்த வேலை போனால் பாடம் நீலமும் மஞ்சளுமாகவே நிற்கும், அம்மா கேட்டுக்கு வெளியே நிற்பாள்.

ஜெசிந்தா மட்டும் எழுந்திருக்கவில்லை. "தையில வெளிநாட்டு ஆளுங்க பாக்க வர்றாங்கல்ல சார். அவங்க உங்க ஆபீசைக் கேக்க மாட்டாங்க. லைன்ல போயி, புடவை மாட்டுனா இன்னாம்மா பண்ணுவேன்னு அந்த நீல அட்டை அம்மாவைத்தான் கேப்பாங்க. இழுப்பேன்னு அவங்க சொன்னா, அதுக்கு நான் மன்னிப்புக் கேக்க முடியாது."

சக்கரபாணி கடைசியில் தேவநாதன் சாரைப் பார்த்துத்தான் பேசினார், அவளைப் பார்க்கவில்லை. அவள் சொன்னபடியே செய்யலாம், ஆனால் இந்தப் பெண் இனிமேல் ஃபேக்டரிக்குள் கால் வைக்கக் கூடாது என்றார். "சரிங்க சார்" என்றாள் ஜெசிந்தா. அவள் வாயில் நான் கேட்ட ஒரே சரிங்க அதுதான்.

என் அம்மா பேரை அவள் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று யாராவது சொல்லலாம். நான் சொல்லவில்லை. பேர் சொல்லியிருந்தால் அங்கேயே அவள் கழுத்தைப் பிடித்திருப்பேன்.

புதுப் பாடம் இப்படி. முதல் பக்கம் எல்லாருக்கும் ஒன்று. எழுத்தில் ஒரு வரி இருக்கும். படிக்கத் தெரிந்தவர் படித்து அது சொல்கிறபடி தொட்டுவிடுவார், பாடம் எழுத்து வழியில் போகும், போகப்போகக் கேள்வி கடினமாகும். தெரியாதவர் எதையும் அமுக்க வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் குரல் தானாக வந்து கூட்டிக்கொண்டு போகும். திரையில் எல்லாருக்கும் ஒரே படம், ஒரே நிறம். மிஷின் சத்தம் என்று சொல்லி எல்லார் காதிலும் இயர்போன். பக்கத்தில் இருப்பவளுக்கு இவள் காதில் என்ன கேட்கிறது என்று தெரியாது. தேவநாதன் சார் முதலில், காது படத்தை அமுக்கினால் குரல் வருகிற மாதிரி வைக்கலாமே என்றார். "அமுக்க மாட்டாங்க சார்" என்றாள் ஜெசிந்தா. "அமுக்குனா நாலு பேரு பாப்பாங்க."

குரல் நான். அங்கேதான் மறுபடி சனி பிடித்தது. எங்கள் ஒலிப்பதிவு அறை என்பது பழைய மெத்தையை அடித்து வைத்த ஒரு பீரோ அளவு இடம். உள்ளே நான் வியர்த்துக்கொண்டு நிற்பேன், வெளியே அவள் ஹெட்போனில் கேட்பாள். மற்றதெல்லாம் ஓரளவுக்கு ஓடிவிட்டது. ஒரே ஒரு வரி நகரவில்லை. தப்பாகத் தொட்டவர்களுக்கு வருகிற வரி: "பரவாயில்லைங்க, இன்னொரு தடவை பாருங்க."

சொன்னேன். "திட்றாப்ல இருக்கு" என்றாள். மறுபடி சொன்னேன். "இது அதிகாரம் பண்றாப்ல இருக்கு." மறுபடி. "இப்போ பரிதாபப்படற. அதுவும் வாணாம்."

"வேற எப்படித்தான் சொல்லணும்?"

"உங்கம்மாகிட்ட சொல்றாப்ல சொல்லு."

சொன்னேன். அவள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"உங்கம்மாகிட்ட இப்படித்தான் பேசுவியா?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், உனக்கு எழுதத் தெரியவில்லை, அதனால்தான் வரி வாயில் நிற்கவில்லை என்று கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. "மறுபடி" என்றாள். அந்த மறுபடியைக் கேட்டாலே எனக்குக் கை ஓங்கத் தோன்றும். சாயங்காலம் ஆனது. தொண்டை கட்டிப்போனது. கோபப்படக்கூடத் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்துகொண்டு, எப்படியாவது தொலையட்டும் என்று மெதுவாகச் சொன்னேன். வெளியேயிருந்து அந்த மறுபடி வரவில்லை. எட்டிப் பார்த்தேன். ஜெசிந்தா கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு டிபன் டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னாளா என்றால், இல்லை.

பரீட்சை அன்றைக்கு அவளுக்குத்தான் ஃபேக்டரியில் தடை. நான் மட்டும் போனேன், இயர்போன் மாட்டிவிடுகிற சாக்கில். நீல, மஞ்சள் அட்டைகளை எல்லாம் வாங்கி ஒரு பெட்டியில் போட்டிருந்தார்கள். எல்லாரும் அவரவர் மிஷின் வரிசைப்படி உட்கார்ந்தார்கள். தையல்நாயகி அம்மாவுக்கு இடது பக்கம். இரண்டு வரிசை தள்ளி கலைப்பிரியா. அவள் எழுத்து வழியில் தடதடவென்று போய்க் கடினமான கேள்வியையும் முடித்துவிட்டு நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் அவளே அம்மாவின் லைனுக்கு லீடராக வந்ததும், அம்மா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும் வேறு பேஜாரு.

அம்மா போனைத் தூரமாகப் பிடித்தாள். புருவம் சுருங்கியது. தையல்நாயகி தொட்டுவிட்டாள். அம்மாவின் விரல் மேலே இருந்த இடத்துக்குப் போனது. தொட்டுத் தொலைத்துவிடாதே என்று நான் சுவரோரம் நின்று வேண்டிக்கொண்டேன். அவளுக்கு என்ன தோன்றியதோ, விரலை எடுத்துக்கொண்டு சும்மா இருந்தாள். பிறகு சட்டென்று தலையைத் தூக்கி, இரண்டு பக்கமும் பார்த்தாள். யாரும் திரும்பவில்லை. குரல் வந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். புருவம் மெல்ல இறங்கியது.

நடுவில் ஒரு தடவை தப்பாகத் தொட்டாள். அந்த வரி இப்போது அவள் காதில் ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். அம்மா திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், எதிரில் ஆள் இருப்பது போல. மறுபடி பார்த்தாள். மிஷினை நிறுத்துகிற சிவப்புப் பட்டனைத் தேடித் தொட்டாள். கடைசியில் திரையில் பச்சை வந்தபோது தையல்நாயகிக்கும் அதே பச்சைதான். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து புடவைகூட மாற்றாமல் அம்மா காலை நீட்டி உட்கார்ந்தாள். கேட் அட்டையை எடுத்து முந்தானையால் துடைத்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் கேப்பைக் கூழைக் கரைத்துக் கொடுத்தேன்.

"செண்பகம் பொண்ணை நான் இன்னாமோன்னு நெனச்சிக்கினு இருந்தேன்டி" என்றாள்.

"ஏன், இன்னா?"

"பாடம் அவதான பண்ணா, காதுல பேசிச்சே. தப்பா தொட்டுட்டேன், ஒரு நிமிசம் வேர்த்துடுச்சி எனக்கு. பரவாயில்லைங்கன்னு சொல்லுது. ஒரு சிடுசிடுப்பு இல்ல, ஒண்ணும் இல்ல. எம்மாம் பொறுமை. செண்பகம் நல்லாத்தான் வளத்திருக்கா. நாளைக்குப் பாத்தா சொல்லணும் அவகிட்ட."

அந்தக் குரலுக்காக ஜெசிந்தாவிடம் ஏச்சு வாங்கி நான் நின்று செத்தது ஒரு சாயங்காலம் முழுக்க. அந்தப் பேரும் ஜெசிந்தாவுக்கே போகிறது. எனக்குப் பொறுக்கவில்லை.

"அது ஜெசிந்தா இல்லம்மா. நான். அது என் கொரலு."

அம்மா கூழ் சொம்பை வாயிலிருந்து எடுத்து என்னைப் பார்த்தாள். கேலிக்குச் சொல்கிறேனா என்று பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"போடி இவளே. உன் கொரலு எனக்குத் தெரியாதா?"